ரெவிட்டில் டக்ட் வரைபடக் குறிப்புகள் பிழைக்கும்போது: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏசி டக்ட் (குளிர்க்காற்று போகும் தகட்டுக் குழாய்) வேலை. காலை ஏழரைக்கு ஆறாம் மாடியிலிருந்து ஃபோர்மேன் அண்ணை அழைத்தார். சாரத்தில் நின்றபடிதான் கதைத்தார். "தம்பி, பிளானில் டக்டின் அடி மட்டம் 2760 என்று இருக்கு. செக்ஷனில் 2700. நான் எதைப் பிடிக்கிறது?"

செக்ஷன்தான் சரி. (பிளான் மேலிருந்து பார்க்கும் படம், செக்ஷன் குறுக்கே வெட்டிப் பார்க்கும் படம்.) கேபிள் ட்ரே (மின்கம்பிகள் கிடக்கும் தட்டு) ஒன்று மேலே குறுக்கே வந்ததால் அந்த டக்டை 60 மி.மீ. இறக்கியிருந்தோம். செக்ஷனில் இருந்தது டேக், அதாவது டக்டிலிருந்தே எண்ணைப் படித்துக் காட்டும் குறிப்பு. டக்ட் இறங்கியதும் அதன் எண்ணும் மாறிவிட்டது. பிளானில் இருந்தது கையால் தட்டிய வெறும் டெக்ஸ்ட். அது பழைய எண்ணோடு அப்படியே நின்றது. சைட்டில் பிளானைப் பார்த்துத் தொங்கு கம்பிகளை வெட்டியிருந்தார்கள். அத்தனையும் 60 மி.மீ. குட்டை.

பிறகு விசாரித்ததில் விஷயம் விளங்கியது. வரைபடம் அனுப்ப வேண்டிய மாலையில் பிளானில் இருந்த டேக் எண்ணுக்குப் பதிலாகக் கேள்விக்குறி காட்டியிருக்கிறது. நேரமில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் டேக்கை அழித்துவிட்டு எண்ணைத் தட்டிவிட்டார். அந்த எண் அன்றைக்குச் சரிதான். அடுத்த வாரம் பிழையாகிவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். டேக் பிழையாகக் காட்டினால் அதை டெக்ஸ்டால் மூடாதீர்கள். பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஐந்து நிமிடம் போதும். நான் சொல்வதெல்லாம் கட்டட வரைபட மென்பொருளான ஆட்டோடெஸ்க் ரெவிட்டை வைத்து. கட்டளைப் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதலில்: பிழை எந்த இடத்தில்?

டேக் எந்த எண்ணையும் தன்னிடம் வைத்திருப்பதில்லை. டக்டிடமோ டிஃப்யூசரிடமோ (சீலிங்கில் காற்று வெளிவரும் வாய்) இருப்பதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே குறிப்பு ஒன்று பிழைத்தால் நான்கு இடங்களில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்: உறுப்பு (டக்ட், டிஃப்யூசர் போன்ற பொருள்), டேக் ஃபமிலி (டேக்கின் வடிவமைப்புக் கோப்பு), வியூ (பிளான், செக்ஷன் போன்ற காட்சி), அச்சு. இந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

டக்டைத் தெரிவுசெய்து ப்ராப்பர்ட்டீஸ் பலகையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோளாறு உறுப்பில். இருந்தும் டேக் காட்டவில்லை என்றால் டேக் ஃபமிலியில். டேக் ஒரு வியூவில் சரியாகத் தெரிந்து இன்னொன்றில் தெரியாவிட்டால் வியூவில். திரையில் எல்லாம் சரி, தாளில் மட்டும் பிழை என்றால் அச்சில்.

வியூவைச் சோதிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. டூப்ளிகேட் வித் டீட்டெயிலிங் என்று ஒரு நகல் எடுத்து, நகலில் வியூ டெம்ப்ளேட்டை (காட்சி அமைப்புகளின் பொதுத் தொகுப்பு) 'நன்', அதாவது எதுவுமில்லை, என்று ஆக்கிவிடுங்கள். அப்புறம் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் (எது எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்காது. தாராளமாகத் தட்டிப் பார்க்கலாம். வெறும் 'டூப்ளிகேட்' கொடுத்தால் டேக்கும் டெக்ஸ்டும் நகலோடு வராது. "நகல் எடுத்தேன், எழுத்தெல்லாம் காணவில்லை" என்று புதிதாகச் சேருபவர்கள் பதறுவது இதனால்தான். எதுவும் அழியவில்லை, மூல வியூவில் அப்படியே இருக்கிறது.

டேக்கில் கேள்விக்குறி

காட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காதபோது டேக் கேள்விக்குறி போடும். உறுப்பில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் வேலை சுலபம். டேக்கைத் தெரிவுசெய்து, கேள்விக்குறியின் மேலேயே தட்டி எண்ணை எழுதுங்கள். எழுதுவது டேக்குக்குள் அல்ல, உறுப்புக்குள் போய்ச் சேரும். டெக்ஸ்ட் நோட் எழுதுகிற அதே நேரம்தான் இதற்கும் ஆகும்.

கஷ்டமானது இரண்டாவது வகை. ப்ராப்பர்ட்டீஸில் எண் இருக்கிறது, டேக்கில் கேள்விக்குறி. நீங்களாகச் சேர்த்த பராமீட்டர் (தகவல் கட்டம்) என்றால், அது ஷேர்டு பராமீட்டராக (தனிக் கோப்பில் பொதுவாக வரையறுத்தது) இருந்தால்தான் டேக் படிக்கும். வெறும் ப்ராஜெக்ட் பராமீட்டர் அட்டவணையில் வரும், டேக்கில் வராது. ஷேர்டாக இருந்தும் வராவிட்டால், பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறாகவும் இருக்கக்கூடும். ரெவிட் பெயரைப் பார்ப்பதில்லை, அந்த அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது. ஒருவர் தன் கணினியில் ஒரு ஷேர்டு பராமீட்டர் கோப்பு உருவாக்கி, இன்னொருவர் தன் கணினியில் அதே பெயரில் இன்னொன்று உருவாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அறியாது. எங்கள் கேள்விக்குறியின் காரணமும் இதுதான்.

திருத்தம்: அலுவலகத்துக்கு ஒரேயொரு ஷேர்டு பராமீட்டர் கோப்பு, எல்லோருக்கும் பொதுவான சர்வரில். டேக் ஃபமிலியைத் திறந்து, லேபலிலிருந்து (டேக்கில் எண் தெரியும் இடம்) பழைய பராமீட்டரை எடுத்துவிட்டு, பொதுக் கோப்பிலிருந்து அதே பெயருள்ளதைச் சேர்த்து, மீண்டும் ப்ராஜெக்டுக்குள் ஏற்றுங்கள். வியூவில் ஏற்கெனவே வைத்த டேக்குகள் எல்லாம் இடம் மாறாமல் எண்ணைக் காட்டத் தொடங்கும்.

காற்றின் அளவு பூச்சியம் என்று வருகிறது

இது கேள்விக்குறியைவிட மோசம். பூச்சியமும் ஓர் எண்தானே. அவசரத்தில் கண்ணில் படாமல் தாளில் போய்விடும். டிஃப்யூசரில் நீங்கள் கொடுத்த அளவு இருக்கிறது, ஆனால் பின்னால் வரும் டக்டின் டேக்கில் 0 என்றால், நடுவில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. டக்டின் மேல் சுட்டியை வைத்து டேப் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். கிளை, ஓட்டம், முழு வலையமைப்பு என்று வரிசையாக ஒளிரும். ஒளி எந்த ஃபிட்டிங்கோடு (வளைவு, கிளை போன்ற இணைப்புத் துண்டு) நிற்கிறதோ அங்கேதான் விட்டிருக்கிறது. அனலைஸ் பகுதியில் ஷோ டிஸ்கனெக்ட்ஸ் இருக்கிறது. அதைப் போட்டால் விட்டுப்போன முனைகளில் எச்சரிக்கைக் குறி வரும்.

எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் சரியான எண் வராவிட்டால், அந்த டக்ட் சிஸ்டம் டைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'கால்குலேஷன்ஸ்' என்ற கட்டத்தைப் பாருங்கள். கோப்பு பாரமாகிவிட்டது, வேகமாக ஓட வேண்டும் என்று யாராவது அதை 'நன்' ஆக்கியிருப்பார்கள். 'ஃப்ளோ ஒன்லி' என்று மாற்றினால் எண்கள் வந்துவிடும், கோப்பும் அவ்வளவாக இழுபடாது.

ஓர் எஃப்.சி.யு.வின் இலக்கத்தை மாற்றினால் எல்லாமே மாறுகிறது

எஃப்.சி.யு. என்பது அறைக்குக் குளிர்க்காற்று தரும் விசிறி இயந்திரம். உங்கள் டேக் அதன் தனி இலக்கமான 'மார்க்'கைப் படிக்கவில்லை, 'டைப் மார்க்'கைப் படிக்கிறது. டைப் மார்க் அந்த வகைக்கே பொதுவானது. ஒன்றில் மாற்றினால் இருபதிலும் மாறும். மாற்றும்போது ரெவிட் ஒரு பெட்டியைக் காட்டி எச்சரிக்கும். படிக்காமல் 'யெஸ்' தட்டிவிடுகிறோம். தனித்தனி இலக்கம் வேண்டுமென்றால் மார்க்கைப் படிக்கும் டேக்குக்கு மாற்றுங்கள். ஒரே மார்க் இரண்டில் இருந்தால் ரெவிட் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒரே இலக்கத்தில் இரண்டு இயந்திரங்கள் என்றால், சைட்டில் பிழையான கொள்ளளவு பிழையான அறைக்குப் போய்ச் சேரும்.

எண்ணுக்குப் பதிலாக 'வேரீஸ்' என்று வருகிறது

2022 பதிப்பிலிருந்து ஒரே டேக்கிலிருந்து பல உறுப்புகளுக்குக் கோடு இழுக்கலாம். ஒரு மண்டபத்தில் ஒரே அளவான நான்கு டிஃப்யூசர்களுக்கு ஒரு டேக் போதும். வரைபடம் எவ்வளவோ தெளியும். நான்கில் ஒன்றின் காற்றளவு வேறாக இருந்தால் எண்ணின் இடத்தில் 'வேரீஸ்' வந்துவிடும். வந்தால் நல்லது, அது உண்மையைத்தான் சொல்கிறது. வேறாக இருப்பது பிழையா, வேண்டுமென்றே வைத்ததா என்று பார்த்து, வேண்டுமென்றே என்றால் அதற்குத் தனி டேக் கொடுங்கள்.

மட்டம் 2.700 வர வேண்டிய இடத்தில் 24.300

இந்த அறிகுறியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சைட்டில் அதிகம் காசு தின்பது மட்டப் பிழைதான்.

ஸ்பாட் எலிவேஷன் (ஒரு புள்ளியின் மட்டத்தைக் காட்டும் குறி) போட்டிருந்தால் அதன் டைப் ப்ராப்பர்ட்டீஸில் 'எலிவேஷன் ஒரிஜின்' இருக்கும். மூன்று தெரிவுகள்: ப்ராஜெக்ட் பேஸ் பாயிண்ட், சர்வே பாயிண்ட், ரிலேட்டிவ். முதல் இரண்டும் முழுக் கட்டடத்துக்கும் பொதுவான ஒரு புள்ளியிலிருந்து அளக்கும். ஆறாம் மாடியில் நிற்கும் ஆளுக்கு 24.300 என்ற எண்ணால் எந்தப் பயனும் இல்லை; அவர் காலடித் தரையிலிருந்துதான் நாடா பிடிப்பார். 'ரிலேட்டிவ்' ஆக்கி, அந்த மாடியின் லெவலைத் தெரிவுசெய்யுங்கள். வெறும் விளிம்புக் கோடுகள் மட்டும் தெரியும் வயர்ஃபிரேம் காட்சியில் ஸ்பாட் எலிவேஷன் மேற்பரப்பைப் பிடிக்காது. பின்னால் உள்ள கோடுகளை மறைக்கும் ஹிடன் லைனுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

டேக் வழியாக மட்டம் காட்டுகிறீர்கள், 6300 என்பதுபோல அசாதாரணமாக வருகிறது என்றால், டக்டின் 'ரெஃபரன்ஸ் லெவல்' கீழ் மாடியாக இருக்கும். கீழ் மாடி வியூவில் நின்று வரைந்து, மேலே தூக்கிவைத்த டக்ட் அது. ரெஃபரன்ஸ் லெவலைச் சரியான மாடிக்கு மாற்றுங்கள். டக்டும் பைப்பும் இருந்த உயரத்திலேயே நின்று எண் மட்டும் திருந்தும். ஆனால் இயந்திரங்களின் லெவலை மாற்றும்போது அவையே இடம்மாறிவிடலாம். மாற்றியவுடன் ஒரு செக்ஷன் வெட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி, தரை என்றால் எந்தத் தரை? ஸ்லாபின் மேலா, டைல் போட்டு முடித்த தரையா? டக்ட் தொங்கும் நாளில் டைல் இருக்காது. கட்டடக் கலைஞரின் லெவல் முடித்த தரையில் இருக்கும், கட்டமைப்புப் பொறியியலாளரின் லெவல் ஸ்லாபில் இருக்கும். உங்கள் கோப்பில் எதை கொப்பி மொனிட்டர் (நகலெடுத்து, மாற்றங்களைக் கண்காணிப்பது) செய்தீர்களோ அதிலிருந்துதான் டேக் அளக்கிறது. அதைக் குறிப்பு விளக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். சைட்டில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அளவுக் கோடு அடிக்கும் ஆளுக்கு அந்த ஒரு வரி போதும்.

அடி மட்டம் தகட்டின் அடியா, காப்புறையின் அடியா என்பதும் அப்படித்தான். கொழும்பின் ஈரப்பதத்தில் குளிர்க்காற்று போகும் டக்டுக்குக் காப்புறை இல்லாவிட்டால் சீலிங்குக்குள் வியர்த்து ஒழுகும். ஆகவே சைட்டில் தொங்கப்போவது காப்புறை சுற்றிய டக்ட். 600×300 டக்டுக்கு 25 மி.மீ. காப்புறை சுற்றினால் வெளி அளவு 650×350. ரெவிட்டில் 'சைஸ்' என்பது காப்புறை சேர்க்காத அளவு, 'ஓவரால் சைஸ்' காப்புறையோடு சேர்ந்த அளவு, 'ஃப்ரீ சைஸ்' உள்ளே லைனிங் போட்டால் காற்றுக்கு மிஞ்சும் அளவு. பிளான் டேக்கில் சைஸ் போடுங்கள், ஏனென்றால் தகடு வெட்டுபவருக்கு அதுதான் வேண்டும். சீலிங் இடுக்கமான இடங்களின் செக்ஷனில் ஓவரால் சைஸ் போடுங்கள். வெள்ளவத்தைப் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் பீமுக்குக் கீழே கிடைக்கும் இடம் எவ்வளவு என்று பார்த்தவர்களுக்கு அந்த 50 மி.மீ.யின் அருமை தெரியும்.

600×300 என்று இருக்கிறது, பிளானில் ஒடுக்கமாகத் தெரிகிறது

பிளானில் முதல் எண் கண்ணுக்குத் தெரியும் அகலம், இரண்டாவது எண் ஆழம். சைட்டில் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ரைசரிலிருந்து (மாடிகளினூடே நிமிர்ந்து போகும் டக்ட்) பிரிந்து வரும் டக்ட் சிலவேளை 90 பாகை திரும்பிக் கிடக்கும். ரெவிட்டின் அகலமும் உயரமும் டக்டோடு சேர்ந்து திரும்பிவிடும். டேக் 600×300 என்று சொல்லும், மேலிருந்து பார்த்தால் 300 தான் இருக்கும். டேக்கைத் திருத்த முயலாதீர்கள். செக்ஷனில் டக்ட் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்து, அது திரும்பியிருப்பது வேண்டாதது என்றால் அந்தத் துண்டை அழித்துச் சரியாக மீண்டும் வரையுங்கள்.

எழுத்துக்கு மேலால் கோடு போகிறது, எதுவும் வாசிக்க முடியவில்லை

டேக் ஃபமிலியில் லேபலைத் தெரிவுசெய்து, டைப் ப்ராப்பர்ட்டீஸில் 'பேக்ரவுண்ட்' ட்ரான்ஸ்பேரண்ட் என்று இருந்தால் 'ஓபேக்' ஆக்குங்கள். எழுத்துக்குப் பின்னால் உள்ள கோடு மறையும். டெக்ஸ்ட் டைப்பிலும் இதே கட்டம் உண்டு.

ஆனால் மென்பொருள் இங்கே பாதி வேலைதான் செய்யும். மீதி, டேக்கை எங்கே வைப்பது என்று நாம் எடுக்கும் முடிவு. என் கணக்கு இது: 1:100 இல் 400 மி.மீ. அகல டக்ட் தாளில் 4 மி.மீ. 2.5 மி.மீ. உயர எழுத்து அதற்குள் நிம்மதியாக இருக்கும். 300 மி.மீ. டக்ட் 3 மி.மீ.; எழுத்து இரண்டு பக்கக் கோட்டையும் உரசும். 200 மி.மீ. என்றால் இடமேயில்லை. ஆகவே 400க்குக் குறைந்த எதற்கும் டேக்கை வெளியே எடுத்து, லீடர் கோடு (டேக்கையும் டக்டையும் இணைக்கும் கோடு) போடுகிறேன். லீடர்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. ஒரு பகுதியின் டேக்குகள் எல்லாம் ஒரே பக்கத்தில், ஒரே சாய்வில், எழுத்துகள் ஒரு நேர்கோட்டில் நிற்க வேண்டும். லீடரின் முனை எங்கேயோ மிதந்தால் 'ஃப்ரீ எண்ட்' என்பதை 'அட்டாச்ட் எண்ட்' ஆக்குங்கள். டக்டை நகர்த்தினால் முனையும் கூடவே போகும். ஒரே நேர் டக்டில் ஃபிட்டிங்குக்கு ஃபிட்டிங் அளவு எழுதத் தேவையில்லை. அளவு மாறும் இடத்திலும் கிளை பிரியும் இடத்திலும் எழுதினால் போதும். டேக் ஆல் கட்டளை ஒவ்வொரு துண்டுக்கும் டேக் போட்டுத் தாளை நிரப்பிவிடும். அதைப் பாவியுங்கள், ஆனால் பிறகு இருந்து பாதியை அழியுங்கள்.

வார்த்தைகளையும் குறையுங்கள். எங்கள் வரைபடங்களில் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதை வாசித்து வேலை செய்பவர்களில் சிங்களம் கதைப்பவரும் உண்டு, தமிழ் கதைப்பவரும் உண்டு. எண்ணும் குறியீடும் எல்லோருக்கும் ஒன்று. மூன்று வரி ஆங்கில வாக்கியம் ஒருவருக்குமே உதவாது. சுருக்கெழுத்து ஒன்று பாவித்தால் அது குறிப்பு விளக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டு டக்ட் குறுக்கிடுகிறது, எது மேலே என்று விளங்கவில்லை

காட்சி ஹிடன் லைனில் இருக்கிறதா, வியூவின் டிசிப்ளின் (துறை) மெக்கானிக்கல்தானா என்று பாருங்கள். டிசிப்ளின் மெக்கானிக்கல் என்றால் சுவர்கள் மங்கி டக்டுகள் எடுப்பாக நிற்கும். பிறகு மெக்கானிக்கல் செட்டிங்ஸில் ஹிடன் லைன் பகுதியைத் திறந்து 'ட்ரோ எம்.ஈ.பி. ஹிடன் லைன்ஸ்' தெரிவை இயக்குங்கள். கீழே போகும் டக்ட் விட்டுவிட்டு ஓடும் கோடாக மாறும், குறுக்கிடும் இடத்தில் சிறு இடைவெளி விழும். தனிக்கோட்டில் வரும் பைப்புக்கு இடைவெளியின் அளவு அங்கேயே தனியாக இருக்கிறது. 1:50 இல் அழகாகத் தெரிந்த இடைவெளி 1:100 இல் அடைபட்டுப் போகவும் கூடும்; அச்செடுத்துப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

பைப் மட்டும் ஒற்றைக் கோடாகவும் டக்ட் இரட்டைக் கோடாகவும் தெரிவது பிழையல்ல. 'மீடியம்' விவர நிலையில் அது அப்படித்தான். 'கோர்ஸ்' என்றால் இரண்டும் ஒற்றை, 'ஃபைன்' என்றால் இரண்டும் இரட்டை. ஏசி பிளானுக்கு மீடியம்தான் எனக்குப் பிடிக்கும்.

ஓரத்தில் இருந்த டேக்குகள் காணாமல் போய்விட்டன

அனோட்டேஷன் க்ராப். வியூவின் வெட்டு எல்லைக்கு வெளியே புள்ளிக் கோட்டில் இன்னொரு எல்லை இருக்கும். எழுத்தின் ஒரு மூலை அதைத் தொட்டாலும் முழு எழுத்தும் மறைந்துவிடும். எல்லையை வெளியே இழுங்கள். அப்படியும் வராவிட்டால் டேக் பிடித்திருக்கும் டக்டே வியூ ரேஞ்சுக்கு (பிளானில் தெரியும் உயர எல்லை) வெளியே போயிருக்கிறது. உறுப்பு தெரியாவிட்டால் டேக்கும் தெரியாது.

திரையில் அழகு, தாளில் வாசிக்க முடியவில்லை

மூன்று காரணங்கள், மூன்றும் வேறு வேறு.

முதலாவது தாளின் அளவு. வரைபடத்தை ஏ1 இல் அமைக்கிறோம். சைட்டுக்கு ஏ3 இல் போகிறது. நீளம் அரைவாசியாகிவிடும்: 1:100 என்பது 1:200 ஆகிவிடும், 2.5 மி.மீ. எழுத்து 1.25 மி.மீ. ஆகிவிடும். காலி வீதி அச்சுக் கடையில் எடுக்கும் முதல் பிரதியில் அதையும் எப்படியோ வாசித்துவிடலாம். அதை மீண்டும் போட்டோகொப்பி அடித்து, வியர்வைக் கையோடு மூன்று நாள் மடித்து வைத்தால் 3ம் 8ம் ஒன்றாகிவிடும். எழுத்து உயரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3098 தரும் வரிசை 1.8, 2.5, 3.5, 5, 7. ஏ3 இல் வாசிக்கப்படும் என்று தெரிந்தால் டக்ட் அளவையும் மட்டத்தையும் 3.5 இல் போடுங்கள்; பாதியானாலும் 1.75 மிஞ்சும். இடம் போதாது என்றால் எழுத்தைச் சிறிதாக்காமல் பிளானை இரண்டாகப் பிரியுங்கள். டூப்ளிகேட் அஸ் டிபெண்டன்ட் அதற்காகவே இருக்கிறது: குறிப்புகள் ஒரு தரம் எழுதினால் போதும், எல்லாப் பகுதித் தாளிலும் வரும். ரெவிட்டில் எழுத்தின் உயரம் தாளின் மி.மீ. கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது. எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் அளவுத்திட்டத்தை 1:50 இலிருந்து 1:100 ஆக்கினால் டக்டுகள் பாதியாகச் சுருங்கும், எழுத்து அப்படியே இருக்கும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அளவுத்திட்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, 'தின் லைன்ஸ்'. திரையில் எல்லாக் கோடும் மெல்லியதாகத் தெரிந்து, தாளில் டக்ட் கறுப்புப் பட்டையாக வந்தால் டி-எல் குறுக்குவிசை இயக்கத்தில் இருக்கிறது. அது திரைக்கு மட்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் உண்மையான தடிப்பு தெரியும். வரைபடத்தைச் சரிபார்க்கும் நேரத்தில் அதை ஒருபோதும் இயக்கத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாவது, சுவர்கள். மங்கலாக்கிய சுவர்கள் போட்டோகொப்பியில் அடியோடு மறைந்து, டக்ட் ஆகாயத்தில் தொங்குவதுபோல வரும். ஹாஃப்டோன் அமைப்பில் மங்கலைக் கொஞ்சம் குறையுங்கள், அல்லது அச்சு அமைப்பில் 'ரிப்ளேஸ் ஹாஃப்டோன் வித் தின் லைன்ஸ்' போடுங்கள். மங்கல் கோடுகள் மெல்லிய முழுக் கோடுகளாக வரும்.

கட்டடக் கலைஞரின் புதுக் கோப்பு வந்தது, அறைப் பெயர்கள் போய்விட்டன

லிங்கில் (உங்கள் கோப்போடு இணைத்த அவர்கள் கோப்பில்) உள்ள அறைக்கு நேரடியாக டேக் போட்டிருந்தால், அவர்கள் அந்த அறையை அழித்துப் புதிதாகப் போடும்போது உங்கள் டேக் அனாதையாகிவிடும். கொலாபரேட் பகுதியில் உள்ள ரீகன்சைல் ஹோஸ்டிங் அப்படி நிற்பவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். ஒவ்வொன்றாகப் புது அறையில் கொழுவலாம். வெப்பச் சுமைக் கணக்கும் செய்பவராக இருந்தால், உங்கள் கோப்பில் ஸ்பேஸ் (ஏசி கணக்குக்கான அறைப் பரப்பு) போட்டு அதற்கு டேக் போடுவது உறுதியானது. ஸ்பேஸ் சுவர்களைத் தாண்டிப் பரவினால், லிங்கின் டைப் ப்ராப்பர்ட்டீஸில் 'ரூம் பவுண்டிங்' (லிங்கின் சுவர்களை அறை எல்லையாக எடுக்கும் தெரிவு) இயக்கப்படவில்லை.

கையால் தட்டிய எண்கள் ஏற்கெனவே எங்கெங்கு இருக்கின்றன?

பழைய கோப்பு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதல் வேலை இது. அளவுக்கோட்டில் உண்மையான எண்ணை அழித்து வேறு எண் எழுத ரெவிட் விடாது, மறுத்துவிடும். டெக்ஸ்ட் நோட்டுக்கு அந்தக் காவல் கிடையாது. எஃப்-ஆர் அழுத்தினால் ஃபைண்ட் ரிப்ளேஸ் பெட்டி வரும். 'என்டயர் ப்ராஜெக்ட்' தெரிவுசெய்து, உங்கள் அலுவலகத்தில் அடி மட்டத்துக்கு எழுதும் சுருக்கத்தைத் தேடுங்கள். பிறகு × போன்ற குறிகளைத் தேடுங்கள். டேக்குகள் இந்தத் தேடலில் வராது, டெக்ஸ்ட் மட்டும்தான் வரும். வருவது ஒவ்வொன்றும் கையால் தட்டிய எண். அந்த ஆறாம் மாடிச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் கோப்பில் இப்படித் தேடியபோது அதே மாடியிலேயே இன்னும் ஒன்பது கிடைத்தன. இரண்டு ஏற்கெனவே பிழையாகியிருந்தன. அன்று பின்னேரமே திருத்திய தாளைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆட்டோகேட் கோப்பாக அனுப்பினால் எழுத்து நகர்ந்துவிடுகிறது

ஷாப் ட்ரோயிங் (சைட்டில் செய்வதற்கான விரிவான வரைபடம்) செய்யும் ஒப்பந்தக்காரர் டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் கோப்பு) கேட்பார். ஏற்றுமதி அமைப்பில் எழுத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. தோற்றத்தைக் காப்பாற்றும் தெரிவை எடுத்தால் எழுத்து நின்ற இடத்தில் நிற்கும், ஆனால் வரிகள் துண்டுதுண்டாகலாம். செயற்பாட்டைக் காப்பாற்றும் தெரிவை எடுத்தால் பந்தியாகத் திருத்தலாம், ஆனால் வரி மடியும் இடம் மாறலாம். அவர்கள் திருத்தப் போவதில்லை, பார்த்து வரையத்தான் என்றால் முதலாவது. ரெவிட்டில் நீங்கள் பாவித்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் அகலம் மாறி எல்லாம் ஏறிக்கொள்ளும். ஏரியல் போன்ற எங்கும் உள்ள எழுத்துருவிலேயே டேக்குகளை வைத்திருங்கள். டி.டபிள்யூ.ஜி.யோடு அதே நாளின் பி.டி.எஃப்.பையும் சேர்த்து அனுப்பி, இரண்டும் முரண்பட்டால் பி.டி.எஃப். தான் செல்லும் என்று மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.